நினைவகத்தில் விட்டுவைக்கப்படும் வெற்றிடங்கள்

ஜொகூர் மாநிலத்தின் தரவு மையங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நிலம், மின்சாரம், தண்ணீர் ஆகிய மூன்றையே சுற்றி வருகிறது. புதிய தரவு மையங்களுக்கு அனுமதி வழங்குவதைச் சிங்கப்பூர் 2019-இல் நிறுத்திவைத்து, 2022-இல்தான் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் அங்கே இடம் கிடைக்காத தேவை நீரிணையைக் கடந்து செடனாக், இஸ்கந்தர் புத்திரி, கூலாய் ஆகிய பகுதிகளுக்கு வந்து சேர்ந்தது. கூலாயில் முன்பு செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் ஒய்டிஎல் குழுமம் 500 மெகாவாட் அளவுக்குத் திட்டமிட்ட வளாகம், என்விடியா நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கென்றே பேசப்படுகிறது. இத்தகைய கணினிகள் உண்ணும் மின்சாரத்தில் கணிசமான பங்கு, கணக்குப் போடுவதற்கு அன்றி, நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே தரவுகளை ஏற்றி இறக்குவதற்கே செலவாகிறது. அப்படி ஏற்றி இறக்கப்படுபவற்றில் எவ்வளவு பயனுள்ள தரவு, எவ்வளவு வெறும் இடைவெளி என்பது நிரலை எழுதுபவரும் கம்பைலரும் சேர்ந்து முடிவு செய்யும் செய்தி.

கம்பைலர் என்பது மனிதர் எழுதும் நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள். அவ்வாறு மாற்றும்போது நிரலில் வரும் ஒவ்வொரு தரவுக்கும் நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்குவதும் அதன் பொறுப்பே. நினைவகம் என்பது வரிசையாக எண்ணிடப்பட்ட பைட்களின் நீண்ட தொடர் என்றும், அந்த எண்ணே முகவரி என்றும் கொண்டால், ஓர் எழுத்துக்குறி 1 பைட்டையும், சிறிய முழு எண் 2 பைட்களையும், வழக்கமான முழு எண் 4 பைட்களையும், இரட்டைத் துல்லியப் பதின்ம எண்ணும் நேரக் குறிப்பும் 8 பைட்களையும் எடுத்துக்கொள்கின்றன. இவற்றைக் கிடைத்த இடத்தில் கிடைத்தபடி அடுக்கிவிடலாமே என்று தோன்றினாலும், கம்பைலர் அவ்வாறு செய்வதில்லை. 4 பைட் தரவு 4-ஆல் வகுபடும் முகவரியிலும், 8 பைட் தரவு 8-ஆல் வகுபடும் முகவரியிலும் தொடங்க வேண்டும் என்ற விதியை அது கைக்கொள்கிறது. அலைன்மென்ட் என்று துறையினர் வழங்கும் இவ்விதி இங்கே முகவரிச் சீர்மை என்று குறிக்கப்படுகிறது.

விதியின் வேர் மின்சுற்றில் இருக்கிறது. 1978-இல் வெளிவந்த இன்டெல் 8086 செயலி நினைவகத்தோடு 16 கம்பிகளின் வழியே தரவைப் பரிமாறிக்கொண்டது. நினைவகமோ இரட்டைப்படை முகவரிகளுக்கு ஒன்று, ஒற்றைப்படை முகவரிகளுக்கு ஒன்று என இரு பகுதிகளாக அமைந்திருந்ததால், 2 பைட் எண் இரட்டைப்படை முகவரியில் தொடங்கினால் ஒரே தடவையில் வந்துவிடும், ஒற்றைப்படையில் தொடங்கினால் இரு தடவை எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் கொள்கலன்கள் அடுக்கப்படும் முறையைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது. 20 அடிப் பெட்டிக்கு 01, 03, 05, 07 என ஒற்றைப்படை இடங்கள் உண்டு. 40 அடிப் பெட்டி 01-ஐயும் 03-ஐயும் சேர்த்து 02 என்றோ, 05-ஐயும் 07-ஐயும் சேர்த்து 06 என்றோ வைக்கப்படுமே தவிர, 03-இல் பாதியும் 05-இல் பாதியுமாக வைக்கப்படுவதில்லை, ஏனெனில் பெட்டியைத் தாங்கும் முனைகள் அங்கே இல்லை.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதில் செயலிகள் ஒத்துப்போவதில்லை. 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம் 360 சீர்மையைக் கட்டாயமாக்கியது. மோட்டோரோலா 68000 ஒற்றைப்படை முகவரியிலிருந்து 2 பைட் எண்ணைக் கேட்டால் பிழை என்று அறிவித்து வேலையை நிறுத்தியது. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் செயலிகளில் இயங்கிய நிரல்கள் 'பஸ் எரர்' என்ற ஒற்றை வரியோடு மடிந்தன. இவற்றைவிட ஆபத்தானவை பழைய ஆர்ம் செயலிகள்: ஆறாம் பதிப்புக்கு முந்தைய அவற்றில், சீரற்ற முகவரியிலிருந்து 4 பைட் எண்ணைக் கேட்டால் எந்தப் பிழையும் எழாது, பைட்கள் சுழற்றப்பட்ட தவறான எண் ஒன்று அமைதியாக வந்து சேரும். நின்றுபோகும் நிரலைத் திருத்திவிடலாம். தவறான விடையோடு தொடர்ந்து ஓடும் நிரலை அடையாளம் காண்பதே கடினம் என்பதால், கடுமையாகத் தண்டித்த செயலிகளே நிரலாளருக்கு நன்மை செய்தன என்று சொல்லத் தோன்றுகிறது.

எக்ஸ்86 எனப்படும் இன்றைய இன்டெல், ஏஎம்டி செயலிகள் பெருமளவு பொறுத்துக்கொள்கின்றன. ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு, அந்த எல்லை கேஷ் வரி எனப்படுகிறது. செயலிக்கு மிக அருகிலுள்ள விரைவு நினைவகமான கேஷ், முதன்மை நினைவகத்திலிருந்து தரவை 64 பைட் துண்டுகளாகவே எடுத்துவருகிறது. ஒரே துண்டுக்குள் அடங்கும் தரவு சீரற்றிருந்தாலும் இழப்பு மிகக் குறைவு, ஆனால் இரு துண்டுகளின் எல்லையில் அமர்ந்த தரவுக்கு இரண்டையும் தொட வேண்டும், இயங்குதளம் நினைவகத்தைப் பகுக்கும் 4096 பைட் பக்கத்தின் எல்லையில் அமர்ந்ததற்கோ முகவரி மொழிபெயர்ப்பையும் இரு முறை செய்ய வேண்டும். இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. பல செயலிக் கருக்கள் ஒரே எண்ணை இடையூறின்றி மாற்றுவதற்குப் பூட்டுக் கட்டளைகள் பயன்படுகின்றன. அந்த எண் இரு கேஷ் வரிகளில் பிளவுபட்டிருந்தால், எக்ஸ்86 செயலி நினைவகப் பாதை முழுவதையும் பூட்டிவிட, மற்ற கருக்கள் அனைத்தும் காத்து நிற்கும். ஒரே கணினியைப் பல வாடிக்கையாளர் பகிர்ந்துகொள்ளும் தரவு மையத்தில், ஒருவருடைய கவனக்குறைவான நிரல் அறிமுகமற்ற இன்னொருவரின் வேலையைத் தாமதப்படுத்த இதுவே போதும். 2020-இல் வெளியான லினக்ஸ் 5.7, உரிய வசதி கொண்ட செயலிகளில் இத்தகைய பிளவுப் பூட்டுகளைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது இதனால்தான்.

தனித்தனித் தரவுகளுக்கு இடம் ஒதுக்குவது எளிது. கம்பைலரின் கைவண்ணம் தெரிவது, பல வகைத் தரவுகள் ஒரே பதிவாகக் கட்டப்படும்போது. சி மொழியில் ஸ்ட்ரக்ட் எனப்படும் அத்தகைய பதிவு ஒன்றைத் துறைமுக முற்றத்திலுள்ள கொள்கலனுக்காக எழுதுவதாகக் கொள்ளலாம்: முதலில் பெட்டியின் நிலையைச் சொல்லும் எழுத்து, 1 பைட், அடுத்து அது வந்த நேரம், 8 பைட், பிறகு முற்ற வரிசை எண், 2 பைட், எடை, 4 பைட், இறுதியாகக் குளிரூட்டி இணைக்கப்பட்டதா என்ற குறி, 1 பைட். கூட்டினால் 16 பைட் வருகிறது. கம்பைலர் ஒதுக்குவதோ 32.

நிலை எழுத்து 0 என்ற இடத்தில் அமர்கிறது. நேரம் 8-ஆல் வகுபடும் இடத்தில்தான் தொடங்க முடியும் என்பதால், 1 முதல் 7 வரையிலான ஏழு பைட்கள் வெறுமையாக விடப்பட்டு, அது 8 முதல் 15 வரை இடம்பெறுகிறது. வரிசை எண் 16-லும் 17-லும் அமர, எடைக்கு 4-இன் மடங்கு வேண்டும் என்பதற்காக மேலும் இரண்டு பைட்கள் வெறுமையாகி, எடை 20 முதல் 23 வரை செல்கிறது. குளிரூட்டிக் குறி 24-இல் முடிகிறது. பதிவும் அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் இத்தகைய பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில் அடுக்கப்படுபவை; முதல் பதிவு 25 பைட்டோடு நின்றால் இரண்டாம் பதிவின் நேரம் 33-இல் விழுந்து விதியை மீறும். ஆகவே பதிவின் மொத்த நீளமும் அதிலுள்ள மிகக் கண்டிப்பான உறுப்பு கேட்கும் 8-இன் மடங்காக, அதாவது 32-ஆக நீட்டப்படுகிறது. நிரப்பு பைட்கள் எனப்படும் இந்த வெற்றிடங்கள் ஏழும் இரண்டும் ஏழுமாகப் பதினாறு, அதாவது சரிபாதி. இவற்றைக் கணக்கிடக் கம்பைலர் வகுத்தல்கூடச் செய்வதில்லை: அடுத்து வேண்டிய மடங்கு 8 என்றால், கையிலுள்ள எண்ணோடு 7-ஐக் கூட்டி, இரும வடிவில் கடைசி மூன்று இலக்கங்களைப் பூச்சியமாக்கிவிட்டால் போதும், 25 இவ்வாறு 32 ஆகிவிடும்.

இதே ஐந்து உறுப்புகளை நேரம், எடை, வரிசை எண், நிலை, குறி எனப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதினால், அவை 0, 8, 12, 14, 15 ஆகிய இடங்களில் இடைவெளியின்றி அமர்ந்து, பதிவு சரியாக 16 பைட்டில் முடிகிறது. ஒரு மில்லியன் பதிவுகளுக்கு 32 மில்லியன் பைட் தேவைப்பட்ட இடத்தில் 16 மில்லியன் போதும் என்பது ஒரு பயன்; ஒரு கேஷ் வரியில் இரண்டு பதிவுகள் வந்த இடத்தில் நான்கு வரும் என்பது அதைவிடப் பெரிய பயன், ஏனெனில் பதிவுகளை வரிசையாகப் படிக்கும் நிரல் நினைவகத்திலிருந்து எடுத்துவர வேண்டிய துண்டுகள் பாதியாகக் குறைகின்றன. நிரலில் ஒரு கணக்கும் மாறவில்லை, நான்கைந்து வரிகளின் வரிசை மட்டுமே மாறியது.

அப்படியானால் கம்பைலரே உறுப்புகளை இடம் மாற்றி வைக்கலாகாதா என்ற கேள்வி எழும். சி மொழியின் வரையறை அதைத் தடை செய்கிறது: எழுதிய வரிசையிலேயே உறுப்புகள் நினைவகத்தில் அமைய வேண்டும். பதிவின் அமைப்பு ஒரு நிரலுக்கு மட்டும் சொந்தமானதன்று. வேறு கம்பைலரால் உருவான நூலகமும், இயங்குதளமும், வலையின் மறுமுனையிலுள்ள கணினியும் அதே அமைப்பை எதிர்பார்க்கின்றன. ரஸ்ட் மொழி இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தி, 2017-இல் வெளியான 1.18 பதிப்பிலிருந்து உறுப்புகளைத் தானே இடம் மாற்றிக்கொள்கிறது. சி மொழியின் வரிசை வேண்டுமெனில் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். வெளியுலகோடு பேசாத பதிவுகளே பெரும்பான்மை என்பதால், ரஸ்ட் தேர்ந்த வழியே அறிவுக்குப் பொருத்தமானது.

சி நிரலாளர் பலர் வேறு குறுக்குவழியை நாடுகின்றனர். 'பேக்ட்' என்ற குறிப்பைச் சேர்த்தால் கம்பைலர் நிரப்பு பைட்களை அறவே விட்டுவிடும். வலைவழிச் செய்தித் தலைப்புகளைப் படிக்க இது உதவும், ஆனால் இடத்தைச் சேமிக்கும் பொதுவழியாக இதைக் கையாள்வது தவறு. அவ்வாறு நெருக்கப்பட்ட உறுப்பின் முகவரியை எடுத்து வேறொரு செயற்கூறுக்கு, அதாவது தனியே அழைத்து இயக்கக்கூடிய நிரல் பகுதிக்கு, கொடுத்தால், அந்தச் செயற்கூறு சீர்மை உண்டு என்று நம்பியே எழுதப்பட்டிருக்கும். எக்ஸ்86 செயலி எதையும் பொறுக்கும் என்ற எண்ணமும் இங்கே கைகொடுக்காது: சுழலொன்றில் வரும் எண்களை நான்கு நான்காகச் சேர்த்துக் கையாளும்படி கம்பைலர் நிரலை விரைவுபடுத்தும்போது, சீர்மையை நம்பி, சீரற்ற முகவரியை ஏற்காத கட்டளைகளைத் தேர்ந்துவிடக்கூடும், பல ஆண்டுகள் ஓடிய நிரல் கம்பைலரின் பதிப்பு மாறிய அன்று விழுவது இதனால்தான். ஜிசிசி கம்பைலர் தன் ஒன்பதாம் பதிப்பிலிருந்து, நெருக்கப்பட்ட உறுப்பின் முகவரி எடுக்கப்பட்டால் தானாகவே எச்சரிக்கிறது.

எழுத்துச் சரங்களுக்கு இந்தக் கவலை இல்லை. 'ஜொகூர்' என்ற சொல் யூனிகோடில் ஆறு குறியீடுகளால் ஆனது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் அது 18 பைட்களும், முடிவைக் காட்டும் பூச்சியத்தோடு 19 பைட்களும் பெறும். ஒவ்வொரு பைட்டும் தனித்தே படிக்கப்படுவதால் எந்த முகவரியிலும் தொடங்கலாம். ஆயினும் சரத்தின் நீளத்தைக் காணும் நூலகச் செயற்கூறுகள் சீர்மையை நுட்பமாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. விரைவுக்காக அவை 16 அல்லது 32 பைட்களை ஒருசேரப் படிக்கின்றன. சரம் எங்கே முடியும் என்பது முன்கூட்டித் தெரியாததால், படிப்பு சரத்தைத் தாண்டி, நிரலுக்கு உரிமையில்லாத பக்கத்துக்குள் நுழைந்துவிடும் அபாயம் உண்டு. 32-இன் மடங்கில் தொடங்கும் 32 பைட் துண்டு, 4096 பைட் பக்கத்தின் எல்லையை ஒருபோதும் தாண்டாது; ஆகவே சரத்தின் ஒரு பைட்டாவது அத்துண்டில் இருந்தால் முழுத் துண்டையும் அச்சமின்றிப் படிக்கலாம்.

இதுவரை கண்டவை கம்பைலர் ஒருமுறை தீர்மானித்தால் மாறாத இடங்கள். ஸ்டாக் எனப்படும் அடுக்கு நினைவகம் அப்படிப்பட்டதன்று. ஒரு செயற்கூறு அழைக்கப்படும்போது அதன் தற்காலிகத் தரவுகளுக்கு இடம் தந்து, அது முடிந்ததும் அவ்விடத்தைத் திரும்பப் பெறும் இவ்வடுக்கு, பெரிய முகவரியிலிருந்து சிறிய முகவரியை நோக்கி வளர்கிறது. அடுக்கின் முனை எங்கே இருக்கும் என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். முனையின் முகவரி தெரியாத நிலையில், அங்கே வைக்கும் தரவு 16-இன் மடங்கில் அமையும் என்று கம்பைலர் எவ்வாறு உறுதி தர முடியும்?

விடை ஓர் உடன்படிக்கையில் இருக்கிறது. 64 பிட் எக்ஸ்86 கணினிகளில் லினக்ஸ் பின்பற்றும் இருமநிலை உடன்பாட்டின்படி, எந்தச் செயற்கூறையும் அழைக்கும் கட்டளைக்கு முந்தைய கணத்தில் அடுக்கின் முனை 16-இன் மடங்காக இருக்க வேண்டும். முனை 4096-இல் இருப்பதாகக் கொண்டால், அழைப்புக் கட்டளை திரும்பிச் செல்ல வேண்டிய முகவரியை 8 பைட்டாக எழுத, முனை 4088-க்கு இறங்குகிறது. அழைக்கப்பட்ட செயற்கூறு தன்னை அழைத்த செயற்கூறின் அடுக்குப் பகுதியைக் காட்டும் பழைய சட்டகச் சுட்டியை 8 பைட்டாகச் சேமிக்க, 4080 ஆகி மீண்டும் 16-இன் மடங்கை அடைகிறது. தற்காலிகத் தரவுகளுக்கு 20 பைட் போதும் என்றாலும் கம்பைலர் 32-ஐக் கழித்து முனையை 4048-க்குக் கொண்டுசெல்கிறது, ஏனெனில் இச்செயற்கூறும் இன்னொன்றை அழைக்கலாம், அப்போது உடன்படிக்கையைக் காக்கும் முறை இதனுடையது. ஒவ்வொரு செயற்கூறும் தன் பங்கைச் செய்தால் யாருமே முனையைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. கையால் அசெம்பிளி நிரல் எழுதும் மாணவர் 8 பைட்டைக் கூடுதலாக அடுக்கிவிட்டு அச்சிடும் செயற்கூறை அழைத்தால், நிரல் அவருடைய வரியில் விழாமல், நூலகத்தின் ஆழத்தில், சீர்மையை வற்புறுத்தும் 16 பைட் நகர்வுக் கட்டளை ஒன்றில் விழும். குற்றம் ஓரிடத்திலும் பிணம் வேறிடத்திலுமாகக் கிடக்கும் இவ்வகைப் பிழைகள் தொடக்க நிலை மாணவர்களை வெகுவாக அலைக்கழிக்கின்றன.

சில தரவுகளுக்கு 16-உம் போதாது. 2011-இல் இன்டெல் செயலிகளில் வந்த ஏவிஎக்ஸ் கட்டளைகள் 32 பைட் அகலத் தரவைக் கையாள்கின்றன. அத்தகைய தரவை அடுக்கில் சீராக வைக்க வேண்டிய செயற்கூறின் தொடக்கத்தில், முனையின் முகவரியில் கடைசி ஐந்து இரும இலக்கங்களையும் பூச்சியமாக்கும் கட்டளையொன்றைக் கம்பைலர் சேர்க்கிறது. இலக்கங்களைப் பூச்சியமாக்கினால் எண் குறையுமே அன்றிக் கூடாது, அடுக்கும் கீழ்நோக்கியே வளர்வது; ஆகவே ஏற்கெனவே உள்ள தரவு எதுவும் அழியாது. ஆனால் எத்தனை பைட் இறங்கியது என்பது முன்கூட்டித் தெரியாததால், அழைத்தவர் அடுக்கில் விட்டுச்சென்ற தரவுகளை முனையிலிருந்து எண்ணிக் கண்டுபிடிக்க இயலாது; அதற்காகவே பழைய நிலையைக் காட்ட, செயலிக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடமான பதிவகம் இன்னொன்றையும் ஒதுக்கிவைக்க நேர்கிறது.

32 பிட் எக்ஸ்86 உலகில் இவ்வுடன்படிக்கை பட்ட பாடு தனிக்கதை. அங்கே முதலில் 4 பைட் சீர்மை போதும் என்றே வகுக்கப்பட்டிருந்தது. 1999-இல் பென்டியம் 3 செயலியோடு 16 பைட் கட்டளைகள் வந்தபின், ஜிசிசி கம்பைலர் அடுக்கை 16-இன் மடங்கில் வைக்கவும், பிறரும் அவ்வாறே வைப்பர் என்று நம்பவும் தொடங்க, எழுதிய விதி ஒன்றும் நடைமுறை வேறொன்றுமாகிப் பழைய நூலகங்களும் புதிய நிரல்களும் மோதிக்கொண்டன. பதிவுக்குள் வரும் 8 பைட் பதின்ம எண்ணை அதே செயலியில் லினக்ஸ் 4-இன் மடங்கிலும் விண்டோஸ் 8-இன் மடங்கிலும் வைத்ததால், ஒன்றில் எழுதிய கோப்பை மற்றதில் அப்படியே படிக்க இயலாமற்போனதும் உண்டு.

ஆர்ம் செயலியின் 64 பிட் வடிவம் இந்த அனுபவத்துக்குப் பின் வந்தது, விதியை யாருடைய நல்லெண்ணத்துக்கும் விடவில்லை. அடுக்கின் முனையைக் கொண்டு நினைவகத்தைத் தொடும் கணத்தில் அது 16-இன் மடங்காக இல்லையெனில் செயலியே பிழை எழுப்பும் ஏற்பாடு அதில் உண்டு. அதனால் கம்பைலர்கள் பதிவகங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அடுக்கில் சேமிக்கின்றன, ஒன்றை மட்டும் சேமிக்க நேர்ந்தாலும் 16 பைட்டையே ஒதுக்குகின்றன. கூலாய் வளாகத்துக்கென 2024-இல் அறிவிக்கப்பட்ட என்விடியாவின் ஜிபி200 என்விஎல்72 அடுக்குப்பெட்டி ஒன்றில் இவ்வகை ஆர்ம் கருக்கள் 72 கொண்ட கிரேஸ் செயலிகள் 36-உம், பிளாக்வெல் வரைகலைச் செயலிகள் 72-உம் உள்ளன. பின்னவற்றில் இழைகள் எனப்படும் வேலைத் தொடர்கள் 32 ஒரே கட்டளையை ஒருசேர இயக்குகின்றன. ஒவ்வோர் இழையும் அடுத்தடுத்த 4 பைட் எண்ணைக் கேட்டால் மொத்தம் 128 பைட். அது 128-இன் மடங்கில் தொடங்கினால் 32 பைட் துண்டுகள் நான்கு போதும், 4 பைட் தள்ளித் தொடங்கினால் ஐந்தாவது துண்டும் வந்தாக வேண்டும். 4 பைட் பதின்ம எண்கள் நான்கு கொண்ட பதிவு 16 பைட் சீர்மையோடு இருந்தால் கம்பைலர் அதை ஒரே கட்டளையில் எடுத்துவிடும். மூன்று எண்களே கொண்ட 12 பைட் பதிவுக்கோ மூன்று கட்டளைகள் எழுதும். இங்கே பதிவைச் சிறிதாக்கியவர் நட்டப்படுகிறார், வீணாக நான்காவது இடத்தைச் சேர்த்தவர் விரைவு பெறுகிறார். நிரப்பு பைட்களை எல்லாம் ஒழிக்க வேண்டிய களையாகக் கருதுவது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தம் நிரலில் எங்கே வெற்றிடம் விழுந்திருக்கிறது என்பதை அறிய விரும்பும் வாசகர் இக்கணக்குகளைக் கையால் போட வேண்டியதில்லை. லினக்ஸில் 'டுவார்வ்ஸ்' தொகுப்போடு வரும் 'பாஹோல்' என்ற இலவசக் கருவி, பிழைத்திருத்தத் தகவலோடு தொகுக்கப்பட்ட எந்த நிரலையும் படித்து, ஒவ்வொரு பதிவின் உறுப்புகளும் எந்த இடத்தில் தொடங்குகின்றன, எத்தனை பைட் வெறுமையாக உள்ளது, கேஷ் வரி எங்கே வெட்டுகிறது என்பதை வரிவரியாக அச்சிட்டுத் தரும்.